படர்தாமரைக்கு கண்ட டியூப்பையும் பூசாதீங்க

மழை தொடங்கினா இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கம் லயத்துக்கு லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுங்க) படர்தாமரைதான், அது பூஞ்சையால வர்ற தோல் நோய், ஈரப் படங்க (முரட்டுத் துணிய) இடுப்புல கட்டிக்கிட்டு பொழுதுக்கும் கொழுந்து பறிக்கிறாங்க பாவம். எங்கம்மாவுக்கும் இடுப்புல காசு அளவுல வட்டமா வந்துச்சு, பக்கத்து காம்பரா வீட்டுல குடுத்த டியூப்ப பூசினாங்க, 3 நாள்ல அரிப்பு நின்னுச்சு, பூசுறத விட்டதும் உள்ளங்கை அளவுக்கு படர்ந்துருச்சு.

அதனால மொதல்ல டியூப்ப திருப்பி சின்ன எழுத்த வாசிங்க. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசோல்னு இருந்தா அது ஸ்டீராய்டு, பூஞ்சைய கொல்லாது, தோலோட எதிர்ப்பு சக்திய அடக்கி சிவப்பையும் அரிப்பையும் மட்டும் மறைக்கும், பூஞ்சை பாட்டுக்கு பரவும், வட்டத்தோட விளிம்பு மங்கிப்போனா டாக்டருக்கே கண்டுபிடிக்கிறது கஷ்டம். தொடை இடுக்குல தொடர்ந்து பூசினா தோல் மெலிஞ்சு வரிவரியா விழும், அந்த வரி லேசுல போகாது.

பூச வேண்டியது குளோட்ரிமசோல் மாதிரி பூஞ்சை மருந்து. கழுவி ஈரமில்லாம துடைச்சுட்டு, வட்டத்துக்கு வெளியவும் 2 சென்டிமீட்டர் சேர்த்து பூசுங்க, மறைஞ்ச பிறகும் 1, 2 வாரம் விடாதீங்க. துவாய் ஆளுக்கொண்ணு, வீட்டுல வேற யாருக்கும் இருந்தா எல்லாரும் ஒண்ணா மருந்து போடணும்.

ஏற்கனவே ஸ்டீராய்டு பூசியிருந்தா மறைக்காதீங்க, அந்த டியூப்பையே கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க.