கேன்சர் ஆபரேஷனுக்கு தேதி குடுத்துட்டாங்களா? அதுக்குள்ள சதைய தேத்துங்க

ஆபரேஷனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுவரைக்கும் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு வீட்ல கட்டில்லயே படுக்க வச்சுடுவாங்க, நாங்களும் அதத்தான் பண்ணோம். அப்பாவுக்கு பெருங்குடல்ல கட்டி, வெயிட் 82 கிலோ, தொப்பையும் அப்படியே இருந்துச்சு, அதனால தெம்பாத்தான் இருக்காருன்னு நெனச்சுட்டோம். பிசியோதெரபிஸ்ட் வந்து சேர்ல உக்கார வச்சு, கைய ஊனாம எந்திரிங்க சார்னாங்க, ரெண்டாவது தடவையே முடியல.

ஆபரேஷன் ஆனதும் காயம் ஆற, கிருமியோட சண்டை போட உடம்புக்கு நெறைய புரோட்டீன் வேணும், அத நம்ம சதைய (கொழுப்ப சொல்லல, மசில சொல்றேன்) கரைச்சுத்தான் எடுத்துக்கும். கையிருப்பு கம்மியா இருந்தா இருமி சளிய வெளிய தள்ளக்கூட தெம்பு இருக்காது, அதுல நிமோனியா வரும், காயம் ஆற லேட்டாகும், ஆஸ்பத்திரில இருக்கற நாளும் ஏறிட்டே போகும். கொழுப்போட தொல்லை வேற மாதிரி. வயித்துக்குள்ள குடல சுத்தி இருக்கறது சர்ஜன் வேலைய கஷ்டமாக்கும், தோலுக்கடியில இருக்கறதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால தையல் போட்ட எடத்துல சீழ் வைக்கும், பின்னாடி ஹெர்னியா (தையல் போட்ட எடம் வீக்காகி குடல் வெளிய பிதுங்கறது) வரவும் சான்ஸ் இருக்கு. கொழுப்பு ஜாஸ்தி சதை கம்மின்னு ரெண்டும் சேர்ந்து இருக்கறவங்களுக்குத்தான் ரிஸ்க் அதிகம், இதுக்கு சார்கோபீனிக் ஒபிசிட்டின்னு பேரு, வெயிட் மெஷின்ல ஏறி நின்னா இது தெரியவே தெரியாது.

சரி வீட்லயே எப்படி பாக்கறது? கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு சேர்ல இருந்து அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரணும், 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா சதை வீக்குன்னு சந்தேகப்படணும். தையல் டேப்ப வச்சு கெண்டைக்கால் தடிச்ச எடத்துல அளங்க, ஆம்பளைக்கு 34 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 33, அதுக்கு கீழ போனா டாக்டர்கிட்ட சொல்லணும் (கால் வீங்கி இருந்தா இந்த அளவ நம்பாதீங்க). ஆறு மாசத்துல 10 சதவீதத்துக்கு மேல வெயிட் எறங்கி இருந்தா கண்டிப்பா சர்ஜன் காதுல போடுங்க, சில பேருக்கு ஆபரேஷன 7லேர்ந்து 14 நாள் தள்ளி வச்சு மொதல்ல சத்து ஏத்துவாங்க. ஏற்கனவே எடுத்த சி.டி. ஸ்கேன்லயே முதுகெலும்புல இடுப்புப் பக்கத்து மூணாவது எலும்பு மட்டத்துல சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு அளக்க முடியும், எல்லா எடத்துலயும் செய்ய மாட்டாங்க, ஆனா கேக்கறதுல என்ன போச்சு.

தொப்பை இருக்கேன்னு இப்ப போய் பட்டினி கெடக்காதீங்க, கொழுப்போட சேர்ந்து சதையும் போகும். டாக்டரே டயட் குடுத்தா அது வேற.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். கிலோவுக்கு 1.2லேர்ந்து 1.5 கிராம் புரோட்டீன், அதாவது 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 72லேர்ந்து 90 கிராம். ஒரு இட்லில 2 கிராம் இருந்தாலே ஜாஸ்தி, முட்டைல 6 இருக்கு, ஒரு டம்ளர் பால்லயும் 6 கிட்ட வரும், அப்ப கஞ்சியும் ரசமும் இளநீரும் வச்சு எங்க போய் தேத்தறது? சூப்ப மட்டும் குடிச்சுட்டு கறிய ஒதுக்கி வச்சா கதைக்காகாது, சத்து கறிலதான் இருக்கு. சைவம்னா பருப்பு, பன்னீர், தயிர், மீல் மேக்கர். கிட்னி பிரச்சனை இருந்தாலோ ரொம்ப குண்டா இருந்தாலோ இந்தக் கணக்கு அப்படியே செட் ஆகாது, டயட்டீசியன கேளுங்க. குடல் அடைப்பு இருக்கறவங்க சுண்டல் கீரையெல்லாம் தொடக்கூடாது, டாக்டர் சொல்ற புரோட்டீன் பவுடர்தான்.

கூடவே உடம்ப அசைக்கணும், இல்லன்னா சாப்ட்டது சதையா மாறாது. அதே சேர்ல பத்து தடவ எந்திரிச்சு உக்கார வைங்க, காலைல மதியம் சாயங்காலம், அப்பறம் பேச முடியணும் பாட முடியக்கூடாதுன்ற வேகத்துல நடை. மூணு உருண்டை இருக்கற மூச்சுப் பயிற்சி மெஷின் குடுப்பாங்க, அத ஊதக்கூடாது, உறிஞ்சணும், எங்கப்பா ரெண்டு நாள் ஊதிட்டு இருந்தாரு. பீடி சிகரெட் இருந்தா குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும்.

ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் சரின்னு சொன்ன மொத நாளே எந்திரிச்சு உக்காரணும், நடக்கணும். நல்லா இருக்கற வயசானவங்களையே பத்து நாள் படுக்க வச்சதுல கால்ல மட்டும் ஒரு கிலோ கிட்ட சதை போயிருக்கு. பாக்க வர்ற சொந்தக்காரங்க முட்டை குடுக்காத பருப்பு குடுக்காத சீழ் வைக்கும்பாங்க, தலைய ஆட்டிட்டு அவங்க போனதும் குடுங்க. நார் உள்ள அயிட்டம் மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம்.

அடுத்து கீமோ இருந்தா இன்னொரு விஷயம், அந்த டோஸ உயரம் வெயிட்ட வச்சு கணக்கு போடுவாங்க, ஒரே வெயிட் உள்ள ரெண்டு பேர்ல சதை கம்மியா இருக்கறவருக்கு சைடு எஃபெக்ட் ஜாஸ்தியா வர வாய்ப்பிருக்கு. அதனால வாரத்துக்கு ஒரு தடவ கெண்டைக்கால அளந்து காலண்டர்ல எழுதுங்க, எறங்குதுன்னா அடுத்த கீமோவுக்கு போறப்ப அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க.