விந்தணுவுக்கான சாப்பாடு: மூன்று மாதக் கணக்கு

விந்துப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலரும் கேட்பது, "என்ன சாப்பிட்டால் எண்ணிக்கை கூடும்?" என்றுதான். சிகிச்சையை மருத்துவர் சொல்வார். சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காலக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். அப்புறம் அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். அதாவது இன்றைய சாப்பாட்டின் பலன் ரிப்போர்ட்டில் தெரிய மூன்று மாதம் போக வேண்டும். பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் பழமும் பாதாமுமாகச் சாப்பிட்டுவிட்டு வருவதால் ஒன்றும் மாறாது.

அதனால் முதல் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் ஆகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணு, அசைபவை 42 சதவீதம், சரியான வடிவத்தில் இருப்பவை 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். அந்த 4-ஐப் பார்த்ததும் பலருக்கு முகம் வாடிவிடும். பயப்படாதீர்கள், தந்தையானவர்களிலும் அந்த அளவில் இருப்பவர்கள் உண்டு.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில விந்தணுக்கள் நேராகப் பாய்ந்து போகும். சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும். சில வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். இந்த நீச்சலுக்கு விந்தணுவின் மேலுறை நன்றாக இருக்க வேண்டும். அந்த உறையில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு நிறைய இருப்பதால் ஆக்ஸிஜனேற்றத்தில், அதாவது ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, சீக்கிரம் கெட்டுவிடும். கெட்டதைச் சரிசெய்துகொள்ளும் திறனும் விந்தணுவுக்குக் குறைவு. சாப்பாடு உதவக்கூடிய இடம் இதுதான். புகைபிடிப்பது கெடுக்கும் இடமும் இதுதான்.

ஆகவே அந்த ஒமேகா-3 கிடைக்க வாரத்தில் இரண்டு நாளாவது கொழுப்புள்ள மீன் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடாதவர்களுக்கு வால்நட் இருக்கிறது. ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்கள் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலந்து தினமும் 60 கிராம் வீதம் 14 வாரம் சாப்பிட்டார்கள். எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் கூடின. ஆனால் அவர்கள் குழந்தையில்லை என்று வந்தவர்கள் அல்ல, அதையும் நினைவில் வையுங்கள். இவற்றோடு காய்கறி, கீரை, பழம், பயறு, முழுதானியம் தினமும் இருக்கட்டும். ஆழப் பொரித்த பண்டங்கள், பதப்படுத்திய இறைச்சி, சர்க்கரைப் பானங்கள், மது எல்லாவற்றையும் குறையுங்கள். சோயா ஆண்மையைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை, அளவாகச் சாப்பிடலாம்.

தொப்பை இருந்தால் அதுவே முதல் வேலை. உடல் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. எடையைப் படிப்படியாகக் குறையுங்கள், பட்டினி வேண்டாம்.

சரி, மாத்திரைகள்? துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் தந்து ஏறத்தாழ 2,370 தம்பதிகளிடம் செய்த சோதனை 2020-இல் வெளியானது. விந்தின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. வயிற்றுக் கோளாறுதான் அதிகமானது. குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொல்லாமல் டப்பா டப்பாவாக வாங்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: உடற்கட்டுக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ எடுப்பவர் எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் பலனிருக்காது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும், விந்தணு உற்பத்தியும் நின்றுபோகலாம். நிறுத்திய பிறகு திரும்ப வரப் பல மாதம் ஆகும். மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் அதே ஆய்வகத்தில், விந்து வெளியேறி முதல் முறை விட்ட அதே நாள் இடைவெளியோடு மறுபடி சோதியுங்கள். நடுவில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லிவிடுங்கள், அதுவும் எண்ணிக்கையைக் குறைக்கும். முதல் ரிப்போர்ட்டிலேயே விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தாலோ, விரைப்பையில் ரத்தநாளம் புடைத்திருந்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சாப்பாடு ஒரு பக்கம் நடக்கட்டும், அந்த வாரமே சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள்.