வீட்டுல இருக்கறது நந்தியாவட்டையா கார்டினியாவா, கண்டுபிடிக்கறது எப்படி?

ரெண்டுமே வெள்ளைப் பூ, இலை பளபளன்னு கரும்பச்சை, அதுலயும் அடுக்கு நந்தியாவட்டையா இருந்துட்டா நர்சரில நிக்கும்போது வித்தியாசமே தெரியாது. கார்டினியான்னு சொல்லி குடுத்த ஒரு செடிய நான் எட்டு மாசம் வளர்த்தேன், பூ வந்த அப்புறம்தான் நந்தியாவட்டைன்னு தெரிஞ்சுது, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதனால பூக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க.

முதல்ல ஒரு இலைய காம்போட கிள்ளிப் பாருங்க. வெள்ளையா பால் வடிஞ்சா நந்தியாவட்டை, அது அரளி குடும்பம். கார்டினியா காபி, இட்லிப்பூ குடும்பம், அதுல பால் வராது. கிள்ளின கையோட கண்ணத் தொடாதீங்க, கண்ணுக்கு நல்லதுன்னு பூவ ஒத்தி வைக்கற பழக்கம் நம்மூர்ல உண்டு ஆனா அந்தப் பால் பட்டா எரிச்சல் வரும்.

அடுத்தது மொட்டு, எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச அடையாளம். கார்டினியா மொட்டுக்கு அடியில இருக்கற பச்சைப் பகுதியில நீளவாக்குல வரி வரியா மேடு இருக்கும், அதோட நுனி ஒல்லியா விரல் மாதிரி நீண்டு மொட்டப் பிடிச்சிட்டிருக்கும். நந்தியாவட்டைல அந்தப் பச்சை ரொம்ப குட்டியா இருக்கும், உத்துப் பாத்தாத்தான் தெரியும்.

பூ வந்துட்டா இன்னும் சுலபம். ஒத்தை நந்தியாவட்டைக்கு அஞ்சு இதழ், காத்தாடி மாதிரி ஒரு பக்கமா திரும்பியிருக்கும், பகல்ல வாசனை பெருசா இருக்காது. கார்டினியா ஒரு பூ பூத்தாலே வாசல் வரைக்கும் மணக்கும், பூ பழசாக ஆக வெள்ளை போய் வெண்ணெய் நிறமா மாறி மஞ்சளாயிடும்.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா ரெண்டுக்கும் கவனிப்பு வேற. நந்தியாவட்டை போர் தண்ணி, சுமாரான மண்ணு எதுலயும் வளந்துடும். கார்டினியாவுக்கு கொஞ்சம் புளிப்பான மண்ணு வேணும், உப்புத் தண்ணியா ஊத்திட்டே இருந்தா இரும்புச்சத்த அதால எடுத்துக்க முடியாம புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அப்படி பாத்தீங்கன்னா உடனே மழைத்தண்ணி பிடிச்சு ஊத்த ஆரம்பிங்க.