லினக்ஸ் போட லேப்டாப் வாங்குகிறீர்களா? மாடல் பெயரை நம்பாதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுக்கப் போயிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி புது லேப்டாப்போடு வந்தாள். உபுண்டு என்ற லினக்ஸ் ஏறிவிட்டது, வைஃபை மட்டும் வரவில்லை. "என் ஃபிரெண்டும் இதே மாடல்தான் அண்ணா வச்சிருக்கா, அவளுக்கு நல்லா ஓடுதே" என்றாள். சில வருடங்களுக்கு முன் இதே வரியைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு நின்றவன் நான். ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்பதெல்லாம் நீங்களே பார்த்துவிடுவீர்கள். அதை விட்டுவிட்டு, வாங்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மாடல் பெயரைப் பார்த்து வாங்குவது

ஒரே மாடல் பெயரில் வேறு வேறு வைஃபை சிப் வரும். சிப்பை இயக்கும் மென்பொருளான ட்ரைவரை விண்டோஸுக்குச் சேர்த்தே கொடுத்துவிடுவதால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் அந்த ட்ரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வந்தால்தான் நிம்மதி. மீடியாடெக் 7921 சிப்புக்குக் கெர்னல் 5.12 முதல் ட்ரைவர் உண்டு. அதே நிறுவனத்தின் 7902 சிப்போ பல வருடங்கள் ட்ரைவர் இல்லாமலே லேப்டாப்புகளில் வந்துகொண்டிருந்தது. விவரப் பட்டியலில் பெரும்பாலும் 'வைஃபை 6' என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள்.

எனக்கு வந்ததும் அப்படி ஓடாத ஒரு சிப்தான். வைஃபை கார்டை மாற்றிவிடலாம் என்று சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். இன்டெல் கார்டு லினக்ஸில் தொந்தரவு தராது என்று கேள்விப்பட்டிருந்தேன், அதில் தப்பில்லை. கடையில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் இருந்தன. எண் பெரியதாயிற்றே என்று 201ஐ வாங்கினேன். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, திருகும் மாட்டினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டு நாள் ட்ரைவரைத் திட்டிக்கொண்டிருந்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஏஎக்ஸ்201 தனித்து இயங்கும் கார்டே அல்ல. அது செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. சிஎன்விஐ என்று அதற்குப் பெயர். என்னுடையதோ ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் உள்ள லேப்டாப். அதில் 201 ஒரு நாளும் ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள், ஏஎம்டியிலும் ஓடும். பார்த்த மாத்திரத்தில் புதியவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உறை பிரித்த கார்டை யார் திருப்பி வாங்குவார்கள்? மறுபடியும் காசு கொடுத்து 200 வாங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

ஆகவே பணம் கட்டும் முன்பே சிப்பின் முழு எண்ணைக் கேளுங்கள். கழற்றி மாட்டும் கார்டா, போர்டிலேயே பற்றவைத்ததா என்றும் கேளுங்கள். அந்த மாணவியுடையது பற்றவைத்தது. போனை யுஎஸ்பியில் செருகி அதன் வழியாக நெட் எடுத்துத்தான் அன்றைக்கு அப்டேட் போட்டோம்.

தேவையில்லாமல் என்விடியா

கேம், மெஷின் லேர்னிங் இரண்டும் இல்லையென்றால் என்விடியா கிராஃபிக்ஸ் சிப் வேண்டாம். கெர்னல் மாறும்போது சில சமயம் அதன் தனி ட்ரைவர் மக்கர் பண்ணும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு ட்ரைவர் கெர்னலிலேயே இருக்கிறது.

கைரேகை சென்சார்

லினக்ஸில் கைரேகை சென்சாரை இயக்கும் லிப்எஃப்பிரிண்ட் மென்பொருளின் பட்டியலில் உங்கள் சென்சார் இல்லையென்றால், லேப்டாப்பிலும் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூடியை மூடிப் பார்க்காதது

பழைய லேப்டாப்புகள் எஸ்3 என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். புதியவை பலவற்றில் அது கிடையாது, அரைத்தூக்கம்தான். பையில் வைத்து எடுத்தால் கொதிக்கும், சார்ஜும் இறங்கியிருக்கும். வாங்கிய அன்றே மூடிவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சதவீதத்தைப் பாருங்கள்.

லைவ் யுஎஸ்பி இல்லாமல் கடைக்குப் போவது

பென்டிரைவில் உபுண்டு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நிறுவ வேண்டியதில்லை, பூட் செய்தாலே வைஃபை, சவுண்டு, டச்பேட், வெளிச்சம் கூட்டும் பொத்தான் எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் எடுத்துப்போகப் போகும் அதே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள், டெமோ பீஸில் வேறு சிப் இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.