வருடக் கணக்கு: எந்த வருடம் என்று முதலில் கேளுங்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று ஆங்கில மாதக் கலண்டர், மற்றது நாள் கிழிக்கும் தமிழ்க் கலண்டர். மாமி எதைக் கேட்டாலும், “தம்பி, வருடத்துக்கு எவ்வளவு வரும்?” என்றுதான் கேட்பார். எந்த வருடம் மாமி என்று நான் திருப்பிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ஆனாலும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வேலை, தொடக்க நாளைத் தீர்மானிப்பது. இலங்கை அரசின் வரவு செலவுத் திட்டம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வருமான வரிக்கான ஆண்டோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பஞ்சாங்க ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. மூன்றையும் ஒரே கொப்பியில் கலந்து எழுதினால் பின்னர் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது நாட்கள். 4 ஆல் மீதியின்றி வகுபட்டால் 366, இல்லாவிட்டால் 365. நூற்றாண்டு வருடம் மட்டும் 400 ஆல் வகுபட வேண்டும். ஆகவே 2000 லீப் வருடம், 1900 அல்ல, 2100 உம் அல்ல.

தமிழ் வருடப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆங்கில ஆண்டிலிருந்து 1987 ஐக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். 2026 க்கு 40 வருகிறது. அறுபது தமிழ் வருடப் பெயர்களின் பட்டியலில் நாற்பதாவது பெயர் பராபவ. சித்திரை பிறக்கும் வரை முந்தைய பெயரே செல்லும். பழைய சாதகக் குறிப்புகளுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு குறிப்பில் “துன்முகி வருடம், தை மாதம்” என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துன்முகி முப்பதாவது பெயர். தலைகீழாகக் கணக்கிட்டால் 2016 வருகிறது; அதற்கு முந்தைய துன்முகி 1956 சித்திரையில் பிறந்தது, அதற்கும் முந்தையது 1896 இல். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், ஆளின் வயதைப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தவறுவது அதற்குப் பிறகு: 1956 என்று எழுதிவிடுகிறார்கள். துன்முகியின் தை மாதம் 1957 ஜனவரியில் அல்லவா தொடங்குகிறது!

இனிப் பணம். வாரம் 500 ரூபாய்ச் சீட்டுக்கு நான் ஒருமுறை மாதம் நான்கு வாரம் என்று பெருக்கி 24,000 என்றேன். அது 48 வாரக் கணக்கு. வருடத்தில் 52 வாரமும் ஒரு நாளும் உண்டு. உண்மையான தொகை 26,000. அந்த இரண்டாயிரத்தை மாமி இன்னும் மறக்கவில்லை.

காஸ் சிலிண்டருக்குப் பெருக்கல் உதவாது, வகுத்தல்தான். மாற்றிய திகதியைச் சுண்ணாம்புக் கட்டியால் சிலிண்டரிலேயே எழுதிவிடுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் 42 நாட்களுக்கு வந்தால், 365 ஐ 42 ஆல் வகுக்க 8.7 வருகிறது. ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலும் திவசமும் வரும் வீட்டில் அதைவிடக் கூடும்.

கடைசியாக மழை. யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் விழுந்தால் ஒரு லீற்றர். 1,000 சதுர அடிக் கூரை 93 சதுர மீற்றர். பெருக்கினால் 1,16,250 லீற்றர். பீலியில் சிந்துவதற்கும் ஓட்டில் காய்வதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 93,000 லீற்றர் மிஞ்சும்.

இதை மட்டும் பன்னிரண்டால் வகுத்துவிடாதீர்கள். மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மாமி வீட்டின் ஆயிரம் லீற்றர்த் தாங்கி கார்த்திகையில் நிரம்பி முற்றத்தில் வழிகிறது. ஆடியில் அதே தாங்கியைத் தட்டினால் வெறும் சத்தம்.