நெல்லையில் இருந்தபடியே ஆன்லைனில் சர்வதேச உறவுகள், பாதுகாப்பு முதுகலை: சேர்வது முதல் ஆய்வேடு வரை

பட்டம் எதற்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெளியுறவுப் பணியான ஐ.எஃப்.எஸ். அதிகாரி ஆவதுதான் குறி என்றால் முதுகலை கட்டாயமே இல்லை, யுபிஎஸ்சிக்கு ஒரு இளநிலைப் பட்டம் போதும். மெயின்ஸில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் விருப்பப் பாடமாக எடுப்பவருக்கு இந்தப் படிப்பு கைகொடுக்கும், அவ்வளவுதான். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு என்றால் முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓபிசி பிரிவினருக்கு 50 சதவீதம் போதும். இந்த இரண்டு வழிக்கும் இந்தியாவில் செல்லுபடியாகும் பட்டமே பாதுகாப்பு. வெளிநாட்டு ஆய்வு நிறுவனம், தொண்டு அமைப்பு, பன்னாட்டு கம்பெனி என்று போக நினைப்பவர்கள் மட்டும் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு.

இந்தியப் பட்டம் என்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டிஇபியின் இணையதளத்தில் மூன்றைச் சரிபாருங்கள்: பல்கலைக்கழகத்தின் பெயர், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர், நீங்கள் சேரும் பருவம். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து அந்தப் படிப்புக்கு இல்லாமல் போவது உண்டு. போன வருஷம் இருந்த அனுமதி இந்த வருஷம் இல்லாமலும் போகலாம். அனுமதியோடு நடக்கும் ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்திருக்கிறது. வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ போர்டு மாட்டிக்கொண்டு "எந்த யுனிவர்சிட்டி வேணும்னாலும் சேத்து விடுதோம்" என்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். இப்படி ஆள் வைத்துச் சேர்க்கை நடத்துவதை யுஜிசி விதி அனுமதிப்பதில்லை. விண்ணப்பமும் கட்டணமும் நேரே பல்கலைக்கழகத்தின் தளத்தில்தான். கல்விச் செயலி கம்பெனிகள் வெளிநாட்டுப் பல்கலையோடு கூட்டுச் சேர்ந்து, யுஜிசி ஒப்புதல் இல்லாமல் தரும் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரிலேயே எச்சரிக்கையும் வந்துவிட்டது.

சிக்கனமாகப் படிக்க இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. அரசியல் அறிவியல் நல்ல வழி. முதலாண்டிலேயே சர்வதேச உறவுகளின் கோட்பாடும் சிக்கல்களும் ஒரு முழுத் தாள். இரண்டாமாண்டில் 'இந்தியாவும் உலகமும்', 'அமைதியும் மோதலும்' போன்ற தாள்களைத் தேர்ந்து எடுத்தால் பாதுகாப்புப் பக்கம் சாய்ந்துவிடலாம்.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்த நாட்டு அங்கீகாரப் பட்டியலில் பல்கலை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு அந்நாட்டுக் கல்வித் துறையின் தரவுத்தளம், இங்கிலாந்துக்கு 'ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்' என்ற உயர்கல்விக் கண்காணிப்பு அமைப்பின் பதிவேடு. இந்தியாவில் அரசு வேலைக்கு அதைக் காட்ட வேண்டியிருக்கும் என்றால், ஆன்லைனில் பெற்ற பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. படித்து முடித்து அங்கேயே வேலை என்ற கணக்கு இதில் ஓடாது. மூன்றாண்டு பி.ஏ. மட்டும் முடித்தவரைச் சில அமெரிக்கப் பல்கலைகள் ஏற்பதில்லை. அதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது பான் எண் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை, பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் வரிப் பிடித்தம் இல்லை.

நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். பட்டச் சான்றில் 'முருகன் எஸ்', ஆதாரில் 'எஸ் முருகன்', பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'முருகன் சுடலைமுத்து' என்று மூன்று விதமாக இருக்கும். இந்தியப் படிப்புக்கு டிஇபி ஐடி வேண்டும், அதற்கு மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கான ஏபிசி ஐடி வேண்டும், அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரிலிருந்து வருகிறது. அங்கே உள்ள பெயர் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். வெளிநாட்டுப் பல்கலையோ பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யும். ஆன்லைன் தேர்வில் கேமரா முன் காட்டுகிற அடையாள அட்டையிலும் அதே பெயர் இருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வையுங்கள். எல்லாப் பருவ மதிப்பெண்களையும் ஒன்றாகக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் எங்கே வாங்குவது என்பதிலும் குழப்பம் வரும். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலையோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்றால் அபிஷேகப்பட்டியில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண் பட்டியல் தந்த கல்லூரியின் தேர்வு அலுவலகம். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர் கல்லூரி மின்னஞ்சலில் இருந்து அனுப்பட்டும், சொந்த ஜிமெயிலைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுதான், அவசரப்பட்டு முன்கூட்டி எழுத வேண்டாம்.

சேர்ந்தபின் நேரம்தான் பெரிய செலவு. இக்னோ கணக்கில் 1 கிரெடிட் 30 மணி நேரம். அந்த எம்.ஏ.வின் 64 கிரெடிட்டுக்கு 1,920 மணி நேரம். இரண்டு வருஷத்தில் முடிக்க வாரம் 18 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே அது முடியாது என்றால் அதிகபட்சமான நான்கு வருஷத்தை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். இங்கிலாந்து முதுகலை 180 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி நேரம். அதுவும் சுமார் அதே அளவுதான்.

நியூயார்க்கில் மாலை 7 மணி வகுப்பு நமக்கு மறுநாள் அதிகாலை 4.30. நவம்பர் மாத முதலாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் 5.30 ஆகிவிடும், மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி 4.30. இரவு 11.59 கெடு என்பது நமக்குக் காலை 9.29 அல்லது 10.29. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துவதும் பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான். கெடு நாளில் உங்கள் துணைமின் நிலையம் அறிவிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, முந்தின ராத்திரியே அனுப்பிவிடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள், ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யுபிஎஸ் தரும் வோல்ட்டும் ஒன்றா என்று பார்த்து வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கெடு வந்தால் ஒரு வாரம் முன்பே முடியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

ஆய்வேட்டுத் தலைப்புக்கு உக்ரைனையும் தைவானையும் தேடி ஓடுகிறவர்கள்தான் அதிகம். அதே செய்தித்தாள் கட்டுரைகளை வைத்து நூறு பேர் எழுதியது வரும், ஆசிரியருக்கும் சலித்துவிடும். நெல்லைச் சீமையிலேயே கனமான பொருள் கிடக்கிறது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பர் 20-இல் சோவியத் ஒன்றியத்தோடு கையெழுத்தானது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. 1992-இல் அணுசக்தி விநியோக நாடுகள் குழு, தன் எல்லா அணு நிலையங்களையும் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு உலை தரக்கூடாது என்று விதி போட்டது; இந்தியா அப்படித் திறக்காத நாடு. முந்தைய ஒப்பந்தம் அந்த விதிக்குள் வராது என்று ரஷ்யா எப்படி வாதிட்டது என்பதே ஒரு முழு ஆய்வேடு. குமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் மீன்பிடிப் பரப்பு 1976 இந்திய–இலங்கை உடன்பாட்டில் இந்தியாவுக்கு வந்தது. உவரி, இடிந்தகரைக் கடலோடிகளிடம் பேசத் தெரிந்த மாணவருக்கு அது வேறு யாருக்கும் கிட்டாத களம். மூல ஆவணங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தரவுத்தளத்திலும் நாடாளுமன்றக் கேள்வி பதில்களிலும் இலவசமாகவே உண்டு. ஆயுதப் பரிமாற்றக் கணக்குக்கு ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் தரவுகள்.

ஆனால் யாரையும் பேட்டி எடுக்கும் முன் பல்கலையின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். அது வரச் சில வாரமாகும், அதற்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தயாரித்து, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அணுமின் நிலையத்தையோ, நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ளும் விஜயநாராயணம் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளத்தையோ படம் எடுக்காதீர்கள், அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரரிடம் உள் விவரமும் கேட்காதீர்கள். 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் மாணவர் என்று பார்த்து விலக்குத் தருவதில்லை, வேலை போவது அந்தச் சொந்தக்காரருக்கு. வெளியான ஆவணத்தில் உள்ளதை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எங்கே எடுத்தது என்பதை அன்றன்றே மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் சோட்டெரோ செயலியில் பதிந்துவிடுங்கள்.