பேச்சுப் பயிற்சியில் சின்னச் சின்ன உரைகள்: பெரியவர்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

பக்கவாதத்தால் அஃபேசியா (மூளை பாதிப்பால் பேசுவதிலும் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் வரும் சிக்கல்) வந்தவர்களிடம் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பது வழக்கமான பயிற்சி. தப்பில்லை. ஆனால் நேற்றுவரை கணக்கு வழக்குப் பார்த்தவரிடம் பூனைப் படத்தையே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு வெறுத்துப்போகும். அஃபேசியாவில் அடிபடுவது மொழி, அறிவு அல்ல. விஷயம் பெரியவர்களுக்கானதாகவும், அளவு சின்னதாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பதிவுசெய்த சிறு உரைகள் தோதானவை.

1. உரையைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு மூன்று நிமிடம் போதும். இணையத்தில் பிரபலமான டெட் (TED) மேடை உரைகளுக்கு 18 நிமிடம்தான் வரம்பு என்பார்கள். பயிற்சிக்கு அதுவே ரொம்ப நீளம், ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரே பேச வேண்டும், முகம் தெரிய வேண்டும், பின்னணி இசை கூடாது. தலைப்பை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

2. கேட்பதற்கு முன்

கண்ணாடி, காதுக் கருவி இரண்டையும் சரிபாருங்கள். முக்கியமான நான்கு சொற்களைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லுங்கள். 'கடல்நீர் ஏன் உப்பு?' என்ற உரை என்றால்: மழை, பாறை, ஆறு, ஆவி.

3. நிறுத்தி நிறுத்திக் கேட்டல்

வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டுக் குழறும். அதைவிட அடிக்கடி நிறுத்துவது மேல். வாக்கியத்தின் நடுவே அல்ல, ஒரு கருத்து முடிந்ததும் நிறுத்துங்கள். சப்டைட்டில் சிலருக்குக் கைகொடுக்கும், சிலருக்குக் கவனத்தைச் சிதறடிக்கும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

4. கேள்வி கேட்டல்

புதிதாகத் தொடங்குபவர்கள் அவசரப்படுவது இங்கேதான். எடுத்த எடுப்பில் "என்ன புரிந்தது?" என்று கேட்காதீர்கள். முதலில் ஆம், இல்லை என்று சொன்னாலே போதும் என்கிற கேள்வி: "உப்பை ஆறு கொண்டுவருகிறதா?" அடுத்து இரண்டில் ஒன்று: "அந்த உப்பு எதிலிருந்து கரைந்து வருகிறது, பாறையா, மரமா?" பிறகுதான் "எப்படி?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளம். சொல்லைத் தேடுகிறவருக்கு அது தேவை. நாக்கு நுனியில் நின்றும் வரவில்லை என்றால் முதலில் பொருள் குறிப்பு: "மலையில் இருக்கும், கெட்டியாக இருக்கும்." அப்போதும் வராவிட்டால் முதல் ஒலி: "பா..." அதற்கும் வராவிட்டால் நீங்களே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பாறைக்குப் பதில் "கல்" என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். "ஆமாம், பெரிய கல், பாறை" என்று பேச்சோடு பேச்சாகச் சரியான சொல்லைச் சேர்த்துவிட்டு நகருங்கள். நிறுத்தித் திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது.

5. திரும்பச் சொல்லுதல்

எழுதிய தாளை முன்னால் வைத்து, உரையை அவர் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். "மழை... பாறை... உப்பு, ஆறு... கடல்" என்று வந்தாலும் கதை முழுசாக வந்துவிட்டது. சைகை, படம் வரைவது எல்லாம் கணக்கில் சேரும். அவர் சம்மதித்தால் பதிவுசெய்யுங்கள்.

தலைக்காயத்துக்குப் பின் பயிற்சிக்கு வருபவர்களில் பலருக்கு, சொல் கிடைப்பதைவிடக் கவனமும் நினைவும்தான் சிக்கல். அவர்களுக்குத் தாளை நீங்கள் எழுதித் தராதீர்கள். கேட்கும்போதே குறிப்பெடுக்கப் பழக்குங்கள்.

6. குறித்துவைத்தல்

ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் எதிரே தானாக வந்ததா, பொருள் குறிப்பில் வந்ததா, ஒலிக் குறிப்பில் வந்ததா என்று எழுதுங்கள். புதிய உரைக்குத் தாவாமல் அடுத்த முறையும் இதையே போடுங்கள். ஒலிக் குறிப்பில் வந்த சொல் பொருள் குறிப்பிலேயே வந்தால், அது முன்னேற்றம்.